பத்துக் குடை தள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கடற்கரையிலிருந்து எழுதுவது. எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் முறை. எழுதினால் இரண்டாவது வரியிலேயே நீ கண்டுபிடித்துவிடுவாய். அதனால் இப்படி வைத்துக்கொள்: பிள்ளைகள் நால்வரும் நலம், நான் உயிரோடு இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி, அத்தான் சர்க்கரையைக் குறைத்தாரா என்றெல்லாம் கேட்டதாக எடுத்துக்கொள். கேட்க ஆசைதான். மனம் அங்கே நிற்கவில்லை.

போனில் சொல்லக்கூடாதா என்று அத்தான் கேட்பார். நீ சொன்னதை அவருக்கு ஞாபகப்படுத்து. "போன்ல நீ புலம்புவ, நான் ஆறுதல் சொல்லுவேன், முடிவுன்னு ஒண்ணும் வராது. பொண்ண வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பலாமா வேணாமான்னு நான் சொல்லணும்னா, அவ சிநேகிதங்களோட கடற்கரைக்குப் போறப்ப நீயும் போ. தள்ளி இருந்து பாரு. பார்த்ததைப் பார்த்தபடி எழுது" என்றாய். அதன்படி எழுதுகிறேன். இன்று மாலை திரும்பும் பஸ்ஸின் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், காலையில் உனக்குக் கிடைத்துவிடும். அவள் அம்மா போன பிறகு நம் வீட்டுப் பெரிய முடிவுகள் எல்லாம் உன் வாயிலிருந்துதான் வருகின்றன. அதில் எனக்கு வருத்தமே இல்லை. முடிவெடுக்க உட்கார்ந்தால் நான் எழுந்து டீ போடப் போய்விடுகிறேன்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். இரண்டு வருஷப் படிப்பு, விமானம் ஏறிப் போக வேண்டிய தூரம், இந்த வாரக் கடைசிக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று அவள் பதில் சொல்லியாக வேண்டும். எந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கிற படிப்பாம். "அதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம வீட்டச் சுத்தி இல்லாத மண்ணா?" என்று கேட்டேன். "அப்பா, அது மண்ணு இல்ல, குப்பை" என்றாள். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை உன்னைக் காக்க வைக்க விரும்பவில்லை. அனுப்பக் கூடாது. ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். படித்தால் நீயும் அதையேதான் சொல்வாய்.

கூட வந்திருப்பவர்கள் மூன்று பேர், எல்லோரும் அவள் வகுப்பு. கூரையில் தலை இடிக்கிற உயரத்தில் ஒரு பையன், அவனை நெட்டையன் என்கிறார்கள். கையில் கேமரா இல்லாமல் நான் பார்த்திராத பெண் ஒருத்தி, அவள் கேமராக்காரி. இன்னொரு பையன் பேசுவதே இல்லை, மௌனசாமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதற்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள்தான். நான் கூட வருகிறேன் என்றதும் மற்ற வீடுகளில் உடனே அனுமதி கிடைத்துவிட்டது. "உங்க அப்பா வர்றாரா? அப்ப சரி, முப்பது வருஷம் கண்டக்டரா இருந்தவரு, பத்திரமா இறக்கி விட்டுடுவாரு" என்று நெட்டையனின் அப்பா சொன்னாராம். ஆனால் என் மகள் ஒரு நிபந்தனை போட்டாள். "அப்பா, நீங்க வாங்க. ஆனா பீச்சுல பத்துக் குடை தள்ளித்தான் உக்காரணும். எங்களத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது." சரி என்றேன். பெற்ற பெண்ணைத் தெரியாத மாதிரி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியவில்லை.

முதல் விபரீதம் வரும் வழியிலேயே நடந்தது. பத்துக் குடைச் சட்டம் பஸ்ஸிலும் உண்டு என்று சொல்லிவிட்டதால் அவர்கள் முன்னால், நான் கடைசி சீட்டில். பாதி வழியில் டீ குடிக்க வண்டி நின்றது. எல்லோரும் குடித்துவிட்டு ஏறியாகிவிட்டது. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம், பக்கவாட்டில் பெட்டி வைக்கிற அறையின் கதவு சரியாக மூடவில்லையோ என்று. அதற்குள்தான் பிள்ளைகளின் பைகள் எல்லாம் இருக்கின்றன, ஓடுகிற வேகத்தில் திறந்துகொண்டால் என்ன ஆவது? இறங்கிப் போய்ப் பார்த்தேன். நான் நினைத்தது சரி, கொஞ்சம் திறந்துதான் இருந்தது. தோளைக் கொடுத்து அழுத்தி மூடினேன். மூடியதும் என் கை தானாக வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டியது. வாய் தானாக "ரைட், போகலாம்" என்றது. வண்டி போய்விட்டது. டிரைவர் மேல் எனக்குக் கோபமே இல்லை அக்கா, இரண்டு தட்டுக்கு மரியாதை கொடுக்கிற டிரைவர்கள் இப்போதெல்லாம் குறைவு. ஆனால் நான் ரோட்டில் நிற்கிறேன். வேட்டியாக இருந்தால் மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியிருப்பேன், கடற்கரைக்கு என்று புது பேன்ட் போட்டிருந்தேன், அதோடு ஓடினேன். கேமராக்காரி பின்பக்கம் வந்து கண்ணாடி வழியாக ரோட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாளாம். "ஏய், இங்க வாயேன். ஒரு அங்கிள் செமயா ஓடுறாரு பாரு" என்று கூப்பிட்டிருக்கிறாள். என் மகள் வந்து எட்டிப் பார்த்து, "அடியே, அது எங்க அப்பாடி!" என்றிருக்கிறாள்.

வண்டியை நிறுத்தச் சொன்னவள் அவள்தான். இறங்கி எதிரே நடந்து வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவளும் அவள்தான். டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டவளும் அவளே. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டே வந்தாள் அக்கா. பெற்ற அப்பன் நடுரோட்டில் மூச்சு வாங்கி நிற்கும்போது சிரிக்கிற பெண், அந்நிய தேசத்தில் ஒரு கஷ்டம் வந்தால் அதை அதற்குரிய பயத்தோடு பார்ப்பாளா? நீயே யோசி.

அடுத்தது தங்கும் இடம். பெண்கள் இருவருக்கும் மேல்மாடியில் ஒரு அறை. பிள்ளைகள் சாப்பிடக் கீழே போன நேரம், விடுதியில் மாற்றுச் சாவி வாங்கிக்கொண்டு அந்த அறையின் கதவு எப்படி என்று பார்க்கப் போனேன். வெளியே பூட்டு நன்றாக இருந்தது. உள்தாழ்ப்பாள்தான் முக்கியம், அதை உள்ளே போய்த்தானே பார்க்க முடியும்? உள்ளே போனேன், கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாளைத் தள்ளினேன். போனது, திரும்பி வரவில்லை. இழுத்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், சோப்புத் தடவிப் பார்த்தேன். கடைசியில் ஜன்னல் வழியாகக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. அறைகளைப் பார்த்துக்கொள்கிற ஆள் வந்தார், பிள்ளைகள் நால்வரும் வந்தார்கள், பக்கத்து அறைக்காரர்களும் என்னவோ ஏதோ என்று வந்து நின்றார்கள்.

"தள்ளிக்கங்க அங்கிள், ஒரே உதை, உடைச்சுடறேன்" என்கிறான் நெட்டையன்.

"நீ ஒண்ணும் உடைக்க வேணாம்" என்கிறாள் என் மகள். பிறகு கதவில் வாயை வைத்து, "அப்பா, பயப்படாதீங்க. டீத்தட்டுல ஸ்பூன் இருக்கா?"

"இருக்கு. எனக்கு என்ன பயம்? நான் ஏன் பயப்படணும்?"

"சரி, பயப்படல. ஸ்பூனோட காம்பை அந்தத் தாழ்ப்பாத் திருகாணில வெச்சுத் திருப்புங்க."

திருப்பினேன். இன்னும் இறுகிக்கொண்டது. மறுபடியும் திருப்பினேன், நன்றாகவே இறுகிவிட்டது. அப்போதுதான் வெளியிலிருந்து எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரல் வந்தது. "அங்கிள், இடது பக்கம்." மௌனசாமி. அவனுக்குக் குரல் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இடது பக்கம் திருப்பினேன், ஆணி ஆணியாகக் கழன்றது, வெளியே வந்தேன், வெளியே நின்றவர்கள் கை தட்டினார்கள். இப்போது சொல், நான் போய்ப் பார்த்திராவிட்டால் இரண்டு பெண்பிள்ளைகள் அந்தத் தாழ்ப்பாளை நம்பித் தூங்கியிருப்பார்கள். வந்த இடத்தில் முதல் வேலையாகத் தாழ்ப்பாளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றாத பெண் எப்படித் தனியாக ஒரு ஊரில் குடியிருப்பாள்? விடுதிக்காரர்கள் பெண்களுக்குக் கடல் தெரிகிற வேறு நல்ல அறை கொடுத்தார்கள். எனக்குச் சமையலறைப் புகைபோக்கி தெரிகிற பழைய அறைதான். அது கிடக்கட்டும்.

மறுநாள் நடந்ததை எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் பார்த்ததைப் பார்த்தபடி எழுது என்று சொல்லியிருக்கிறாய். கடற்கரையில் நான் ஒப்பந்தப்படி பத்துக் குடை தள்ளித்தான் உட்கார்ந்தேன். எண்ணித்தான் உட்கார்ந்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து கத்தினால் அலைச் சத்தத்தில் கேட்காது என்று காலையிலேயே யோசித்து, என் பழைய விசிலைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அவர்கள் நால்வரும் தண்ணீர் ஓரம் வரை போய் நின்றார்கள். என் மகள் திரும்பி, என்னைத் தெரிந்த மாதிரி காட்டாமல், கையை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டினாள். இறங்கலாமா என்று கேட்கிறாள். எனக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது. அப்பனைக் கேட்டுத்தான் கடலில் கால் வைக்கிறாள் பார் என்று. கடலை ஒரு தடவை பார்த்தேன், சாதுவாகத்தான் இருந்தது. சரி, போகட்டும். விசிலை எடுத்து இரண்டு ஊதினேன்.

ஒன்று ஊதினால் நில், இரண்டு ஊதினால் போ. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பஸ்ஸில் ஏறிய எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடற்கரையில் வேறு சட்டமாம். கடலில் மாட்டியவர்களைத் தூக்குவதற்கு என்று சிவப்புச் சட்டை போட்ட காவலர்கள் நிற்கிறார்கள். அவர்கள் இரண்டு விசில் ஊதினால், ஆபத்து, எல்லோரும் உடனே கரைக்கு வரவும் என்று பொருளாம். பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், அந்தப் பலகைக்குப் பின்பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். அக்கா, கடல் காலியாகிவிட்டது. நீந்திக்கொண்டிருந்தவர்கள், மிதந்துகொண்டிருந்தவர்கள், கழுத்தளவில் நின்று அரட்டை அடித்தவர்கள் எல்லோரும் ஒரே மூச்சில் கரையை நோக்கி ஓடி வருகிறார்கள். ஒரு பெரிய மனிதர் அவசரத்தில் வேறு யாரோ பெற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அந்தக் குழந்தையின் அம்மா அவரைத் துரத்திக்கொண்டு வந்தாள். காவலர்கள் மிதவைகளோடு எதிர்ப்பக்கம் ஓடினார்கள். யார் மாட்டிக்கொண்டது என்று எல்லோரும் தண்ணீரையே பார்த்தார்கள். நானும் எழுந்து நின்று, ஐயோ யாரோ பாவம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு ஊதினது?" என்று கேட்டுக்கொண்டே தலைமைக் காவலர் வந்தார். பக்கத்துக் குடைக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விசில் என் வாயிலேயே இருந்தது.

"பெரியவரே, விளையாட்டா இருக்கா? நிசமாவே யாராவது மூழ்குனா அப்புறம் எவன் நம்புவான்?"

"நான் நில்லுன்னு சொல்லலீங்க, போன்னுதான் சொன்னேன்" என்றேன். அவருக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பிவிட்டது. "யாரோட வந்திருக்கீங்க? கூட யாரும் இல்லியா?" என்று கேட்டார். பத்துக் குடை தள்ளி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவு பேர் எதிரில் அவளை எப்படிக் காட்டிக் கொடுப்பது? "தனியாத்தான் வந்தேன்" என்றேன். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் வந்துவிட்டாள். ஈரத் தலையோடு என் பக்கத்தில் வந்து நின்று, "எங்க அப்பாங்க" என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பஸ் வேலையைச் சொன்னாள், விசில் விஷயத்தை விளக்கினாள், மன்னிக்கச் சொன்னாள். அந்தக் காவலர் கடைசியில் சிரித்தே விட்டார். விசிலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். போட்ட நிபந்தனையை அவளே இப்படி மீறினால், நாளைக்கு அங்கே போய் எந்தக் கட்டுப்பாட்டை மதிப்பாள் என்று எழுதலாம் என்று நினைத்தேன். எழுத மனம் வரவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

இனி நேற்று நடந்தது. விசில் போன பிறகு எனக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. வண்டி எடுக்கும் முன் பிரேக்கைப் பார்ப்பது போல, பிள்ளைகள் இறங்கும் முன் நாமே இறங்கி ஆழம் பார்த்துவிடலாம் என்று போனேன். முழங்கால் அளவுதான் போனேன். ஒரு அலை வந்து முதுகில் ஒரு அறை விட்டது, குப்புற விழுந்தேன், எழுந்தபோது கண்ணாடி இல்லை. கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு உலகம் ஈரத்துணிக்கு அந்தப் பக்கம் தெரிகிற மாதிரிதான். தட்டுத் தடுமாறிக் கரை ஏறி, பிள்ளைகளின் குடையைக் கண்டுபிடித்தேன். மஞ்சள் சட்டையும் ஈரத் தலையுமாக என் மகள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் இல்லை. இதுதான் நேரம் என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்தேன். சில பேச்சுகளை முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச முடியாது அக்கா, அதனால் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"பாப்பா, நான் மனசுல இருக்கறத சொல்லிடறேன், நீ நடுவுல பேசாத. பஸ்ஸுல எத்தனை பேரு இறங்கினாலும் அடுத்த ஸ்டாப்புல யாராவது ஏறிடுவாங்க. அதனால இறங்கறவங்களப் பத்தி நான் கவலப்பட்டதே இல்ல. நம்ம வீட்ல உங்க அம்மா இறங்கிட்டா. இப்ப நீயும் இறங்கறேங்கற. இனிமே ஏற யாரு இருக்கா சொல்லு. காலி வண்டிய நான் எவ்வளவு தூரம் ஓட்டுவேன்? படிப்பு வேணாம்னு சொல்லல. போகாதன்னுதான் சொல்றேன். எனக்குப் பயமா இருக்கு பாப்பா."

பக்கத்தில் விசும்பல் கேட்டது. "அங்கிள்... நான் எங்கயும் போகல அங்கிள். நாளைக்கு ஊருக்குத்தான் போறேன்" என்று ஒரு குரல். என் மகள் குரல் இல்லை. அதற்குள் இரண்டு கையிலும் ஐஸ்கிரீமோடு ஒரு அம்மாள் வந்து, "யாருங்க நீங்க? எம் பொண்ண என்ன சொன்னீங்க? ஏன் அழறா?" என்று கேட்கிறாள். ஐஸ்கிரீம் என் மேல் ஒழுகுகிறது. "அம்மா, பாவம்மா அவரு, திட்டாத" என்று அந்தப் பெண் எனக்காகப் பரிந்து பேசுகிறாள். நான் எழுந்திருக்கப் பார்க்கிறேன், மணல் விடவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து என் முகத்தில் கண்ணாடியை மாட்டியது. துடைத்துச் சுத்தமாக இருந்தது. மௌனசாமி அலையில் துழாவி எடுத்துக் கொடுத்திருக்கிறான். மாட்டியவள் என் மகள். "மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி, அப்பாவுக்குக் கண்ணாடி இல்லன்னா தெரியாது" என்று சொல்லி என்னைத் தூக்கிவிட்டாள். எவ்வளவு நேரமாகப் பின்னால் நின்றாள் என்று நான் கேட்கவில்லை. மேலே, சிரிக்கிறாள் என்று குறை சொல்லியிருக்கிறேன். நேற்றிலிருந்து அவள் சிரிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருக்கிறது.

ஆக, நடந்ததை எல்லாம் கூட்டிக் குறைக்காமல் எழுதிவிட்டேன். நாலு நாள் கடற்கரைக்கு வந்த இடத்திலேயே இத்தனை ஆபத்து என்றால், இரண்டு வருஷம் என்னென்ன நடக்கும்? கடல் கடந்து போகிற வயது அவளுக்கு இன்னும் வரவில்லை என்பது என் தாழ்மையான முடிவு. நீயும் இதையே சொல்லிவிட்டால் அவள் மறுபேச்சுப் பேச மாட்டாள், நான் சொன்னதாகவும் இருக்காது. அத்தானுக்கு என் வணக்கம். உன் சின்னவனுக்கு என் ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், வீட்டுக்குப் பக்கத்திலேயே படிக்கட்டும். எல்லோரும் ஒன்றாக, கூப்பிடு தூரத்தில், நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

உன் அன்புத் தம்பி

பி.கு.: அக்கா, மேலே எழுதியதில் ஒரு சம்பவத்தையும் மாற்றவில்லை. முடிவை மட்டும் திருப்பிப் போட்டுப் படி. உறையை ஒட்டப் பசை கேட்டுக் கீழே போனேன். நால்வரும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். "அங்கிள் எங்க வீட்ல இருக்கட்டுமே, எங்க அப்பாவுக்கும் துணையாச்சு" என்கிறான் நெட்டையன். "மாசம் ஒருத்தரா மாத்தி மாத்திப் பாத்துக்கலாம்டி" என்கிறாள் கேமராக்காரி. ஊருக்குப் போகிறவர்கள் பூனையை யார் வீட்டில் விடுவது என்று பேசிக்கொள்வார்களே, அப்படி. என் மகள், "வேணாம், விடுங்க. நான் போகல, நாளைக்கே சொல்லிடப் போறேன்" என்றாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது, இந்தக் கடிதம்கூடத் தேவையில்லை. ஆனால் இந்தத் தடவை நான் கண்ணாடி போட்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அது அவள் வயசு முகமாக இல்லை. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகத் தயங்கி வாசலில் நிற்கிற தாயின் முகமாக இருந்தது. "நான் என்ன குழந்தையா?" என்று கேட்டேன். அதற்கான பதிலைத்தான் நான் உனக்குப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேனே.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். "பாப்பா, உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன். அத்தை காலையிலேயே போன்ல சொல்லிட்டாங்க, நீ போகலாமாம். என்னத் தன்கூட வெச்சுக்கறாங்களாம்" என்றேன். "நிசமாவாப்பா? அத்தையா சொன்னாங்க?" என்றாள். சிரித்தாள் அக்கா. ஆகவே நீ காலையில் போனில் சொன்னதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். நாளை மதியம் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பாளாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, அவள் கையில் கிடைத்தால் விமானம் ஏறவே மாட்டாள். நாளை மறுநாள் நேராக உன் வீட்டுக்குத்தான் வருகிறோம். அவள் எதிரில் என்னிடம் ஏதாவது ஒரு பொறுப்பான வேலையைக் கொடு. தம்பி பார்த்துக்குவான், எனக்குக் கவலையே இல்ல என்று அவள் காதில் விழுகிற மாதிரி சொல். ஒரு சாயங்காலம் போதும், சமாளித்துவிடுவேன்.